சூரிய மின் நிறுவனத்தின் நிலக் குத்தகை: கரிசல் காட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்களைத் தேடிச் சூரிய மின் நிறுவனங்கள் நீண்ட காலக் குத்தகை கேட்டு வருவது இன்று வழக்கமாகிவிட்டது. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு நிறுவனம் வந்தது. எங்கள் குடும்பம் கிழக்குக் காட்டை அதற்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. கண்மாய்க்கு, அதாவது ஊர் ஏரிக்கு, நீர் போகும் வழியில் இருக்கும் மேற்குக் காட்டை விடவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தப் பகுதிக்கு வரும் நிறுவனங்கள் நீட்டும் ஒப்பந்தங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. அந்தக் குத்தகை ஏற்பாட்டை ஒரு சேவையாக வைத்து மதிப்பிடுவதே என் நோக்கம். கையெழுத்துப் போடுவதற்கு முன் யோசித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நில உரிமையாளருக்குப் பணம் தரும் ஏற்பாடாக இது நம்பத்தக்கதாக இருக்கிறது. நிலத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊரையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாக இது பெரும் குறை உள்ளது. வாடகை, தவணை, வேலி, வங்கிக் கடன், வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம் என்பது வரை பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் ஒப்பந்தத்தில், மழை பெய்தால் அந்த நிலத்தில் விழும் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்பது பற்றி ஒரு வரியும் இல்லை. கண்மாயை நம்பியிருக்கும் ஊரில் இதைவிடப் பெரிய விடுபாடு இருக்க முடியாது.

நிறுவனம் நிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையிலிருந்து தொடங்குகிறேன். துணைமின் நிலையத்துக்கு எவ்வளவு தூரம், பெரிய வண்டி வரும் பாதை உண்டா, நிலம் மட்டமாக இருக்கிறதா, ஒட்டினாற்போல் எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பவையே அவர்கள் பார்ப்பவை. மண்ணின் தரம் அவர்கள் கணக்கில் வருவதில்லை. சொல்லப்போனால் பருத்தியும் உளுந்தும் விளையும் மட்டமான கரிசல், மேடுபள்ளமான செம்மண் தரிசைவிட அவர்களுக்கு வசதியானது. ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் வரை தேவைப்படுவதால், சிறிய திட்டத்துக்குக்கூடப் பல குடும்பங்களின் நிலம் சேர வேண்டியிருக்கிறது. கமுதிக்கு அருகே 2016-இல் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் பரந்திருக்கிறது என்பதை நினைத்தால் இதன் அளவு புரியும்.

ஆவண வேலையில் நிறுவனத்தின் சேவை உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் காடு தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் கிடந்தது. பங்காளிகள் சென்னையிலும் திருப்பூரிலும் சிதறிப் போயிருந்ததால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கும் வேலை பல ஆண்டுகளாக நகரவே இல்லை. நிறுவனம் தன் செலவில் வழக்கறிஞரையும் நில அளவையாளரையும் வைத்து, வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ், நில அளவை வரைபடமான புலப்படம், பயிர்ப் பதிவேடான அடங்கலின் நகல் அனைத்தையும் திரட்டிப் பட்டாவைச் சீர்செய்து கொடுத்தது. குத்தகை நாளை முடிந்தாலும் இந்தப் பலன் எங்களிடம் நிற்கும். இதைக் குறைத்து மதிப்பிட நான் தயாராக இல்லை.

ஆனால் அந்த வேலை நடந்த காலத்துக்கு வாடகை கிடையாது. முதலில் போடப்படுவது குத்தகை அல்ல, குத்தகைக்கு விடுவதாக ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கை மட்டுமே. அதற்குச் சிறிய முன்பணம் தருகிறார்கள். மின் தொடரமைப்பில் இணைய அனுமதி கிடைத்து, முறைப்படிக் குத்தகை பதிவாகும் வரை முழு வாடகை ஓடாது. அந்த இடைவெளியில் நிலத்தை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது, விதைக்கலாமா என்று கேட்டால் தெளிவான பதிலும் வராது. பக்கத்து ஊர் ஒன்றில் இப்படி உழாமல் போட்ட காட்டில் சீமைக் கருவேலம் ஏறிவிட்டது. உடன்படிக்கைக் காலத்தில் உழுது விதைக்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதையும், குறித்த தேதிக்குள் குத்தகை பதிவாகாவிட்டால் உடன்படிக்கை தானாக முடிந்துவிடும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

வாடகையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கர்நாடகத்தின் பாவகடாவை எடுத்துக்காட்டுகிறார்கள். எங்களிடம் வந்த அலுவலரும் அதையே காட்டினார், அது நியாயமும்கூட. துமகூரு மாவட்டத்தில் திருமணி உள்ளிட்ட ஐந்து ஊர்களில் சுமார் 13,000 ஏக்கரில் அமைந்த அந்தச் சூரியப் பூங்கா 2,050 மெகாவாட் திறன் கொண்டது. மாநில அரசும் மத்திய அரசு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கழகம் அங்கே நிலத்தைக் கையகப்படுத்தாமல் 28 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், 2 ஆண்டுக்கு ஒரு முறை 5 சதவீத உயர்வு. தொடர்ந்து வறட்சி தாக்கி, நிலக்கடலை விளைந்தால் விளையும் இல்லாவிட்டால் இல்லை என்றிருந்த ஊர்களுக்கு இது நிலையான வருமானம் தந்தது. நிலம் உழவர் பெயரிலேயே இருக்கிறது என்பது அதன் பெரிய சிறப்பு.

ஆயினும் அந்த உயர்வு விகிதத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 28 ஆண்டுகளில் 13 முறை உயரும். கடைசி ஆண்டில் வாடகை சுமார் 39,600 ரூபாயாக இருக்கும். கேட்கும்போது ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் விலைவாசி, ரிசர்வ் வங்கி இலக்காக வைத்திருக்கும் 4 சதவீத அளவிலேயே ஆண்டுதோறும் ஏறினாலும், அந்த 39,600 ரூபாய்க்கு முதலாண்டு மதிப்பில் சுமார் 13,700 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்க முடியும். அதாவது, குத்தகை முடியும் காலத்தில் உரிமையாளரின் உண்மையான வாடகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருக்கும். எங்கள் பகுதியில் பேசப்படும் உயர்வு விகிதங்களில் சில இதைவிடவும் குறைவு. முதலாண்டுத் தொகையை 1,000 ரூபாய் கூட்டித் தரச் சொல்லி நாள் கணக்கில் பேரம் பேசும் நம்மவர்கள் உயர்வு விகிதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் என்று கேட்டு அதில் உறுதியாக நிற்பது, முதலாண்டுத் தொகையில் வெல்வதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் பக்கத்து வெயிலில் 1 மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். யூனிட்டுக்கு 2.50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 37.5 லட்சம் ரூபாய் வருவாய். 5 ஏக்கருக்குப் பாவகடா வாடகை 1.05 லட்சம், வருவாயில் 3 சதவீதம்கூட இல்லை. நிறுவனத்துக்குக் கடன், வட்டி, தகடுகளின் விலை, பராமரிப்பு என்று பெருஞ்செலவு இருப்பதை நான் மறுக்கவில்லை. வாடகையைச் சற்று உயர்த்தித் தருவதால் திட்டமே நொடித்துப்போகும் என்று சொல்லப்படும்போது அதை நம்பத் தேவையில்லை என்பதை மட்டும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

உழவர்களுக்கான சூரிய மின் திட்டமாக 2019-இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தின் முதல் கூறு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான நிலையங்களை உழவர்களோ, உழவர் குழுக்களோ, கூட்டுறவு அமைப்புகளோ தங்கள் தரிசு நிலத்தில் அமைத்து மின்சாரத்தை விற்க அது வழி செய்கிறது. முதலீடு செய்ய இயலாதவர் நிலத்தை நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாம். வாடகையை ஏக்கர் கணக்கில் மட்டுமன்றி, உற்பத்தியாகும் யூனிட் கணக்கிலும் பேசிக்கொள்ளலாம். உரிமையாளர் விரும்பினால், மின் பகிர்மான நிறுவனம் தான் தர வேண்டிய தொகையிலிருந்தே வாடகையைப் பிடித்து அவர் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் வசதியும் விதிமுறையில் இருக்கிறது. இந்த நேரடிச் செலுத்தல் முறை நல்ல பாதுகாப்பு. தனியார் குத்தகைகளில் இதைக் கேட்டால் வியப்போடு பார்க்கிறார்கள், கேட்பதில் தவறில்லை.

எங்கள் அனுபவத்தில் பணம் ஒழுங்காகவே வந்திருக்கிறது. தாமதம் ஏற்பட்டபோது கேட்டவுடன் பதில் வந்தது. மழை பொய்த்த ஆண்டிலும், பருத்தி காய் பிடிக்கும் நேரத்தில் மழை கொட்டிக் கெடுத்த ஆண்டிலும் அதே தொகை வந்து சேர்ந்தது. வயதான தாய்தந்தையர் மட்டும் ஊரில் இருந்து, உழுவதற்குக் கைகள் இல்லாத குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

இனி நிலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கட்டுமானம் தொடங்கியதும் முதலில் போனவை வரப்புகள். தகடுகளை வரிசையாக நிறுத்த மட்டம் வேண்டும் என்பதால், தலைமுறை தலைமுறையாக மழைநீரைத் தேக்கவும் திருப்பவும் போட்டிருந்த வரப்புகளையும் காட்டுக்குள் ஓடிய சிறு வாய்க்கால்களையும் இயந்திரம் கொண்டு நிரவினார்கள். வண்டி போக வர உட்பாதைகளுக்குச் சரளைக்கல் கொட்டி இறுக்கினார்கள். கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டி மூடினார்கள். கரிசல் மண்ணின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இதன் விளைவு உடனே விளங்கும். கோடையில் வாய்பிளந்து கிடக்கும் கரிசல் முதல் மழையை அந்த வெடிப்புகளின் வழியே ஆழம் வரை குடித்துக்கொள்ளும். ஊறி வெடிப்பு மூடிய பிறகு அதற்குள் நீர் எளிதில் இறங்காது, மேலாகவே ஓடும். இறுக்கப்பட்ட மண்ணில் வெடிப்பும் குறைவு, வரப்பும் இல்லை. தகடுகளின் கீழ் விளிம்பிலிருந்து வரிசை வரிசையாக ஒரே இடத்தில் கொட்டும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. முன்பு மெல்ல நகர்ந்த வெள்ளம் இப்போது வேகமாக வெளியேறுகிறது.

எங்கே வெளியேறுகிறது என்பதுதான் கேள்வி. குண்டாற்றுக்கும் வைப்பாற்றுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியின் விவசாயம் கண்மாய்ச் சங்கிலியால் நிற்கிறது. மேட்டுக் காடுகளில் விழும் மழை, வரத்துக்கால்கள் எனப்படும் வாய்க்கால்கள் வழியே ஊர்க் கண்மாய்க்கு வந்து, அது நிறைந்ததும் உபரிநீர் வழியும் கலுங்கு வழியே அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுவதால், அந்த நாட்களில் வரத்துக்கால் திறந்திருந்தால்தான் கண்மாய் பெருகும். நிறுவனம் தன் வளாகத்துக்குள் நீர் தேங்காமல் இருக்க ஒரு வடிகால் வெட்டியது. பொறியாளரின் பார்வையில் அது ஒழுங்கான வடிகால்தான், நீர் தேங்கவில்லை. ஆனால் அது மேற்கே கண்மாயை நோக்கிப் போகாமல், தெற்கே சாலையோரப் பாலத்துக்கு நீரைக் கொண்டுபோய் விட்டது. அந்தப் பருவத்தில் தெற்கே இருந்த பக்கத்துக் காட்டுக்காரரின் உளுந்து நீரில் நின்று அழுகியது. கண்மாயோ மடை திறக்கும் மட்டத்தைத் தொடவில்லை.

முறையிட்டபோது கிடைத்த பதில் மரியாதையாகவே இருந்தது. வரத்துக்கால் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுங்கள், திறந்துவிடுகிறோம் என்றார்கள். புலப்படத்தில் அது இல்லை. ஓடைப் புறம்போக்காகப் பதிவானவற்றுக்கு வரைபடத்தில் இடமுண்டு. கண்மாய்களைக் காக்க 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உண்டு. பட்டா நிலங்களின் ஊடே, ஊரார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஓடவிட்ட சிறு கால்களுக்குக் காகிதம் எதுவும் இல்லை. உழுகிறவன் ஆண்டுதோறும் கொத்திச் செப்பனிட்டதால் மட்டுமே அவை இருந்தன. உழவு நின்று வேலி வந்ததும் அவை நினைவாகிவிட்டன. ஊரார் வற்புறுத்திய பிறகு வேலிக்கு அடியில் ஒரு குழாய் பதித்தார்கள். அதன் வாய் நிலமட்டத்தைவிட உயரமாக அமைந்துவிட்டதால், பெருமழைக்கு மட்டுமே அதில் நீர் போகிறது. இன்று வரை அது திருத்தப்படவில்லை. இந்தச் சேவைக்கு நான் மதிப்பெண் குறைப்பதற்கு முதற்காரணம் இதுவே. மோசமான எண்ணம் எதையும் நான் அவர்கள்மேல் சுமத்தவில்லை. எழுதாத கடமையை யாரும் செய்வதில்லை.

சூரியப் பூங்கா மழையைத் துரத்திவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் ஏற்கவில்லை. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளால் வரும் பருவமழையைச் சில நூறு ஏக்கர் தகடுகள் தடுத்துவிட முடியாது. வெப்பத்தைப் பற்றிய குறைக்கு மட்டும் ஓரளவு அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, சூரிய மின் நிலையத்தின் மேலே இரவு வெப்பநிலை சுற்றியுள்ள இயற்கை நிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்ததைப் பதிவுசெய்தது. நம் குறைகளைச் சொல்லும்போது உறுதியானவற்றை மட்டும் சொன்னால்தான் எதிரே இருப்பவர் செவிகொடுப்பார்.

வேலி எழுந்ததும் மாறியது ஆட்டுக் கிடை. அறுவடை முடிந்த காடுகளில், மந்தை மேய்க்கும் கீதாரிகள் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை மறித்து, அந்த எருவில் அடுத்த வெள்ளாமை செழிக்கும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருக்கிறது. ஒரு மந்தை தங்குவதற்குத் தொடர்ச்சியான மேய்ச்சல் பரப்பு வேண்டும். ஊரின் ஒரு பகுதி வேலிக்குள் போனதும் மிச்சப் பரப்பு மந்தைக்குப் போதாமல், கீதாரிகள் எங்கள் ஊரையே ஒதுக்கிவிட்டு வேறு பக்கம் போகத் தொடங்கிவிட்டார்கள். குத்தகைக்கு விடாதவர் காட்டுக்கும் இதனால் எரு இல்லாமல் போயிற்று. வாடகை வாங்காதவர்மேல் விழுந்த இந்தச் செலவை எந்த ஒப்பந்தமும் கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் மாடு வைத்திருந்த சிலர் விற்றுவிட்டார்கள். பாவகடாவிலும் மேய்ச்சல் நிலம் சுருங்கி மக்கள் கால்நடைகளை விற்றது பரவலாகப் பதிவான செய்தி.

கூலி வேலை செய்தவர்களைப் பற்றி எழுதும்போதுதான் எனக்கு மிகவும் மனம் கனக்கிறது. களையெடுக்கவும், பருத்தி எடுக்கவும், மிளகாய்ப் பழம் பறிக்கவும் வந்த பெண்களுக்குக் கிழக்குக் காடுகள் ஆண்டில் பல வாரங்கள் வேலை தந்தன. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற முறையில், உழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கும் அவை வேலை தந்தன. குத்தகைப் பணம் பட்டாதாரரின் கணக்குக்குப் போகிறது. இவர்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கட்டுமானம் நடந்த மாதங்களில் ஆட்களுக்கு வேலை கிடைத்தது உண்மை. அது முடிந்ததும், காவல், புல் வெட்டுதல், தகடு துடைத்தல் என்று சில வேலைகளே மிஞ்சின, அவையும் ஒப்பந்தக்காரர் வழியாக. பாவகடாவிலும் நிலமற்றவர்களே, குறிப்பாகத் தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களே, இழப்பைச் சுமந்தார்கள். எங்கள் பங்குக்கு, வாரத்துக்கு உழுத குடும்பத்துக்கு வாடகையில் ஒரு பகுதியைக் கொடுத்து வருகிறோம். இது எங்கள் குடும்பத்தின் முடிவு. ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை. இடம் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

உரிமையாளர்கள் கவனிக்கத் தவறும் இழப்புகளும் உண்டு. அடங்கலில் பயிர் ஏறாததால் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் அந்த நிலத்துக்குக் கிடையாது. விவசாயம் அல்லாத பயன்பாட்டில் உள்ள நிலத்துக்குப் பிரதமரின் கிசான் உதவித்தொகை பொருந்தாது. குத்தகை பதிவானதும் அது வில்லங்கத்தில் ஏறிவிடும்; நிறுவனம் தன் குத்தகை உரிமையை வங்கியிடம் அடமானம் வைத்துக் கடன் வாங்கும். அந்த அடமானம் குத்தகை உரிமைமீது மட்டுமே, நில உரிமைமீது அல்ல என்ற வாசகம் தெளிவாக இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. எங்கள் ஒப்பந்தத்தில் அது இருந்தது. உரிய அறிவிப்புக் கொடுத்து நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உரிமையாளர் விலக முடியாது என்ற ஒருதலைப்பட்சமான பிரிவும் இருந்தது. அதை மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை.

குத்தகை முடிந்த பிறகு நிலம் எப்படித் திரும்பும் என்பது அடுத்து. நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வாசகம் இருக்கிறது. எது பழைய நிலை என்பதற்குப் புகைப்படமோ மண் பரிசோதனை அறிக்கையோ மட்ட அளவோ இணைக்கப்படவில்லை. சரளைப் பாதைகளை அள்ளுவது, கம்பிகளையும் கான்கிரீட்டையும் எந்த ஆழம் வரை தோண்டி எடுப்பது, வரப்புகளை மீண்டும் போடுவது ஆகியவற்றைத் தனித்தனியே எழுதாவிட்டால் அந்த வாசகத்துக்குப் பொருளில்லை. தகடுகள் பொதுவாக 25 ஆண்டு உத்தரவாதத்தோடு வருகின்றன. அவற்றின் இணைப்புகளில் ஈயம் இருப்பது உண்டு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் சூரியத் தகடுகளையும் உள்ளடக்கியவை. அவற்றின் கழிவை 2034-35 வரை சேமித்து வைக்கும் பொறுப்பை அவை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. உற்பத்தியாளர் எங்கோ இருப்பார், உடைந்த தகடு நம் காட்டில் கிடக்கும். ஆகவே அகற்றும் செலவுக்கு வங்கி உத்தரவாதம் ஒன்றை நிறுவனத்திடமிருந்து பெறுவது அவசியம். குத்தகையின் கடைசி ஆண்டுகளில் நிறுவனம் கைமாறியிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்தனையையும் உரிமையாளரே பார்க்க வேண்டியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சூரிய ஒளி மின் நிலையங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி தேவையில்லை. எனவே அந்த அறிவிக்கை வழியாக ஊரார் கருத்தைக் கேட்கும் கூட்டமும் இல்லை, நீரோட்டத்தை ஆராயும் அறிக்கையும் இல்லை. புகையும் சாம்பலும் கக்கும் அனல்மின் நிலையத்தோடு ஒப்பிட்டால் சூரிய மின்சாரம் எவ்வளவோ தூய்மையானது, நாட்டுக்கு அது வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயிரம் ஏக்கர் நீர்பிடிப்புப் பரப்பை நிரவும் வேலைக்கு ஒரு நீரோட்ட வரைபடமாவது கட்டாயமாக்கப்படுவது அந்தத் தூய்மைக்கு முரணானதும் அல்ல.

வேறு வழி உண்டு என்பதற்குச் சான்று ராஜஸ்தானில் இருக்கிறது. ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 105 கிலோவாட் அளவில் தகடு வரிசைகளுக்கு இடையே பயிர் செய்யும் அமைப்பை நிறுவி, பாசிப்பயறு போன்ற பயிர்களை அங்கே விளைவித்தது. தகடுகளின் மேல் விழும் மழைநீரைச் சேகரித்து, தகடு கழுவவும் பயிருக்குப் பாய்ச்சவும் பயன்படுத்தும் ஏற்பாடும் அதில் இருக்கிறது. நம்மைவிடக் குறைந்த மழை பெய்யும் இடத்தில் இது முடியும் என்றால், உளுந்தும் பாசிப்பயறும் குதிரைவாலியும் பழக்கமான கரிசலில் ஏன் முடியாது? வரிசைகளுக்கிடையே இடைவெளி கூடும், ஏக்கருக்கு மின் உற்பத்தி குறையும், தாங்கு கம்பங்களின் செலவு ஏறும். நிறுவனங்கள் தயங்குவது அதனால்தான். குறைந்தபட்சம், குட்டைப் பயிர் போடவோ செம்மறி ஆடுகளை உள்ளே மேயவிடவோ அனுமதிக்கலாம். புல்லை ஒழிக்கக் களைக்கொல்லி தெளிக்கும் செலவை ஆடுகள் மிச்சப்படுத்தும். எங்கள் நிறுவனத்திடம் இதைக் கேட்டிருக்கிறோம். கம்பிகளுக்குச் சேதம் வரும் என்கிறார்கள்.

யாருக்கு இந்தக் குத்தகையைப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், நெடுங்காலம் தரிசாகக் கிடந்து கருவேலம் மண்டிய, எந்தக் கண்மாயின் வரத்துப் பாதையிலும் இல்லாத நிலம் வைத்திருந்து, உழுவதற்கு ஆளில்லாத குடும்பங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நல்ல விளைச்சல் தரும் கரிசலைத் தொகைக்காக மட்டும் விட வேண்டாம் என்பேன். அந்த மண்ணைச் சரளையிலிருந்து பிரித்தெடுப்பது நம் பிள்ளைகள் காலத்தில் நடக்கிற காரியமா என்பது தெரியாது. நீரோட்டப் பாதையில் உள்ள நிலத்தை, பாதையை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் அளந்து தருவதற்கு நிறுவனம் சம்மதித்தாலன்றி எந்த விலைக்கும் விடக் கூடாது. பணத்தைக் கையாண்ட விதத்துக்கு 5-க்கு 4 தருவேன், ஆவண வேலைக்கு முழு மதிப்பெண்ணும் தருவேன். நிலத்தைக் கையாண்ட விதத்துக்கு 5-க்கு 1.

மேற்குக் காட்டையும் கேட்டு நிறுவனம் இப்போது மீண்டும் வந்திருக்கிறது. வாடகையை முன்பைவிடக் கூட்டித் தருவதாகவும் சொல்கிறது. ஊரார் முன்னிலையில் வரத்துக்காலின் தடத்தை நடந்து அளந்து, இருபுறமும் கரைக்கு இடம் விட்டு, அந்தப் பகுதியைக் குத்தகைப் பரப்பிலிருந்து நீக்கி வரைபடமாக ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் நிபந்தனை. கிழக்கு வேலிக்கு அடியில் உள்ள குழாயைத் தோண்டி நிலமட்டத்துக்கு இறக்கிப் பதித்துவிட்டு, அடுத்த ஐப்பசி மழையில் நீர் கண்மாய்க்குப் போவதைக் காட்டிய பிறகே மற்றவற்றைப் பேசலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வைக்கும்படி ஊராட்சித் தலைவரிடம் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இதே மதிப்பீட்டில் சேர்த்து எழுதுகிறேன்.